குரல் மாறும் பருவமும் திருச்சபையின் பாட்டும்

திருச்சபையின் இசை வரலாற்றை நாம் பெரும்பாலும் பாடல்களின் வரலாறாகவே படித்து வந்திருக்கிறோம். இயற்றியவர் யார், இராகம் எது, எந்த ஆண்டில் அச்சேறியது என்பவற்றை ஆராய்கிறோம். பாடியவர்களைப் பற்றி அவ்வளவாக ஆராய்வதில்லை. பாடிக்கொண்டிருந்து பின் பாடுவதை நிறுத்திவிட்டவர்களைப் பற்றியோ நாம் எண்ணுவதே இல்லை. ஆயினும் நம் சபைகளில் வாய் திறவாமல் பாட்டுப் புத்தகத்தை மட்டும் கையில் ஏந்தி நிற்கும் ஆண்கள் பலர் உண்டு. அவர்களுள் பலர் ஞாயிறு பள்ளியில் கணீரென்று பாடிய சிறுவர்களே. இடையில் நேர்ந்தது என்ன?

நேர்ந்தது குரல் மாற்றம். பன்னிரண்டு முதல் பதினான்கு வயதளவில் சிறுவனின் குரல்வளை வளர்கிறது; குரல்நாண்கள் நீண்டு தடிக்கின்றன; பேச்சுக் குரல் ஏறக்குறைய ஒரு ஸ்தாயி கீழிறங்குகிறது. இது நோயன்று, குறையுமன்று, படைப்பின் ஒழுங்கு. இந்த ஒழுங்கைத் திருச்சபை எவ்வாறு எதிர்கொண்டது என்பதையும், அவ்வரலாறு நம் சிற்றூர் ஊழியத்திற்கு என்ன கற்பிக்கிறது என்பதையும் இக்கட்டுரையில் காண்போம்.

1. சிறுவன் குரல் தேவைப்பட்டது ஏன்?

மேலைத் திருச்சபையில் சிறுவர் குரல் உயர்ந்த இடத்தைப் பெற்றதற்கு இசைச் சுவை மட்டும் காரணமன்று. சபையில் பெண்கள் பேசாதிருக்கவேண்டும் என்ற பவுலின் அறிவுரை (1 கொரி. 14:34) பாடலுக்கும் பொருந்தும் எனக் கொள்ளப்பட்டது. ஆகவே மேல்ஸ்தாயியைப் பாட ஆள் வேண்டியிருந்தது. அவ்விடத்தில் சிறுவர் நிறுத்தப்பட்டனர். சிறுவன் குரலோ சில ஆண்டுகளே நிற்கும். அது மாறாதிருக்கும்படி சிறுவரை விதையடித்த கொடுமையும் இத்தாலியில் நிகழ்ந்தது. 16-ஆம் நூற்றாண்டின் இறுதி முதல் இத்தகையோர் ரோமாபுரியின் சிஸ்டைன் ஆலயத்தில் பாடினர். 1903-இல் பத்தாம் பயஸ் போப்பின் காலத்திலேயே இவ்வழக்கம் முடிவுக்கு வந்தது. அவ்வரிசையில் கடைசியாக அறியப்படும் அலெஸாண்ட்ரோ மொரெஸ்கி 1922-இல் இறந்தார். தேவ துதிக்கென்று ஒரு பிள்ளையின் உடலைச் சிதைக்கலாம் என்று கிறிஸ்தவர்களே எண்ணிய காலம் நெடுந்தொலைவில் இல்லை.

புராட்டஸ்டண்டு சபைகள் அக்கொடுமையைச் செய்யவில்லை. எனினும் சிறுவனை அவன் குரலின் பயனைக் கொண்டே அளந்தன. லைப்சிக் நகரத்தின் தோமா பள்ளியில் இசைப் பொறுப்பு வகித்த யோஹான் செபாஸ்டியன் பாக், 1730 ஆகஸ்டில் நகர மன்றத்திற்கு ஒரு விண்ணப்பம் வரைந்தார். அதில் தம் மாணவர் 54 பேரை அவர் தரம் பிரித்தார்: பயன்படுவோர் 17, இன்னும் பயன்படாதோர் 20, பயனற்றோர் 17. இசைப் பணி நன்றாய் நடைபெற வேண்டும் என்ற ஆசிரியரின் நியாயமான கவலை அதில் உண்டு. ஆனாலும் பயனற்றோர் என்ற சொல் நம்மைச் சிந்திக்க வைக்கிறது.

அதே பாக் தம் பதினைந்தாம் வயதில், 1700-இல், இனிய மேல்ஸ்தாயிக் குரலின் பொருட்டு லூனபர்க் நகர மிகாவேல் பள்ளியில் சேர்த்துக்கொள்ளப்பட்டவர். சேர்ந்த சிறிது காலத்தில் அவர் குரல் மாறியது. எட்டு நாட்கள் பேச்சிலும் பாட்டிலும் இரண்டு ஸ்தாயிகள் ஒருங்கே ஒலித்தன என்று 1754-இல் வெளிவந்த அவரது இரங்கற் குறிப்பு கூறுகிறது. அதன்பின் மேல்ஸ்தாயி அவரிடம் திரும்பவில்லை. ஆயினும் அவர் இசையை விட்டு விலகாமல் நிலைத்திருந்தார். வியன்னாவின் ஸ்தேவான் பேராலயத்தில் பாடிவந்த ஹைடனோ அவ்வாறு தங்கவில்லை. குரல் மாறியபின், ஏறக்குறைய 1749-இல், பதினேழு வயதளவில் அவர் பாடகர் குழுவிலிருந்து வெளியேற்றப்பட்டார். இவ்விருவரும் மேதைகள், தாங்களாகவே வழி கண்டுகொண்டனர். மேதைகளல்லாத ஆயிரக்கணக்கான சிறுவர் எங்குச் சென்றனர் என்பதை எந்தக் குறிப்பும் கூறவில்லை.

2. மௌனமா, பயிற்சியா?

19-ஆம் நூற்றாண்டில் இக்கேள்வி மருத்துவர்களிடமும் குரற்பயிற்சி ஆசிரியர்களிடமும் சென்றது. சிறு கண்ணாடியைத் தொண்டைக்குள் வைத்துத் தம் குரல்நாண்களைத் தாமே கண்ட மானுவல் கார்சியா, அக்காட்சியை 1855-இல் இலண்டன் இராயல் சங்கத்திற்கு எடுத்துரைத்தார். குரல் மாறும் காலத்தில் பாடுதல் கூடாது என்பது அவருடைய கொள்கை. மருத்துவர் மோரல் மெக்கன்ஸி இதை மறுத்தார். குரலின் எல்லைக்குள் அளவோடு பாடுவதால் கேடில்லை என்று அவர் 1886-இல் வெளியான தம் நூலில் வாதித்தார். இருதரப்பாரும் நெடுங்காலம் வாதாடினர். ஆனால் பள்ளிகளிலும் ஆலயங்களிலும் மௌனமே வழக்கமாயிற்று. அது ஆசிரியருக்கு எளிது என்பதும் ஒரு காரணமாயிருக்கலாம்.

20-ஆம் நூற்றாண்டின் நடுவில் அமெரிக்காவில் இர்வின் கூப்பர் என்னும் ஆசிரியர் இந்தக் கேள்வியையே திருப்பிப் போட்டார். பாட்டுக்கு ஏற்ற குரலைத் தேடாமல், குரலுக்கு ஏற்ற பாட்டை அமைக்கவேண்டும் என்றார். 'உடைந்த குரல்' என்ற பேச்சை ஒழித்து, 'மாறுகிற குரல்' எனப் பொருள்படும் இத்தாலியச் சொல்லாகிய 'காம்பியாட்டா' என்பதை வழங்கினார். மாறும் குரல் ஆர்மோனியத்தின் நடு 'சி'க்குக் கீழுள்ள 'எஃப்' முதல், நடு 'சி'க்கு ஒரு ஸ்தாயி மேலுள்ள 'சி' வரை, அதாவது ஏறக்குறைய ஒன்றரை ஸ்தாயி செல்லும் என்பது அவர் கண்டது. அவருக்குப்பின் ஜான் குக்ஸி 1977-78-இல் வெளியிட்ட கட்டுரைகளில், இம்மாற்றம் ஒரே நாளில் நிகழும் முறிவன்று, படிப்படியாக நிகழ்வது என விளக்கினார். இடைப்பட்ட படிகளில் பாடக்கூடிய எல்லை மிகச் சுருங்கிப் பின் மீண்டும் விரிகிறது. ஆகவே ஒரு மாதத்தில் பாட இயலாதவன் ஓராண்டில் பாட இயலாதவன் என்று தீர்த்துவிடக் கூடாது.

3. நம் நாட்டில் கண்டது

இந்த அனுபவம் தமிழருக்குப் புதியதன்று. இதற்கு 'மகரக்கட்டு' என்று பெயரே இட்டவர்கள் நாம். இச்சொல்லை மிகுதியாக வழங்கியவர்கள் பாய்ஸ் கம்பெனி நாடகக்காரர்கள். சங்கரதாஸ் சுவாமிகள் 1918-இல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையைத் தொடங்கினார். டி.கே.எஸ். சகோதரர்கள் சிறுவராய் அதில் சேர்ந்தனர். அரங்கில் பாடுவது இன்றியமையாததாயிருந்த காலம் அது. ஸ்திரீபார்ட் ஏற்ற சிறுவனுக்கு மகரக்கட்டு வந்தால் அவன் வேடம் மாறவேண்டியதாயிற்று. அது அவனுக்கு வருத்தமே. ஆனாலும் கம்பெனியில் வேறு வேடங்கள் இருந்தன. அவனுக்கு நேர்ந்ததற்கு ஒரு பெயர் இருந்தது. முன்பே அதைக் கடந்து வந்த மூத்தவர்களும் அருகில் இருந்தனர். நம் பாடகர் குழுக்கள் அவனுக்குப் பெயரும் தரவில்லை, வேடமும் தரவில்லை என்பதை நாம் ஒப்புக்கொள்ள வேண்டும்.

தமிழ்த் திருச்சபையோ பாடும் சபையாகவே பிறந்தது. 1706-இல் தரங்கம்பாடிக்கு வந்த சீகன்பால்கு பள்ளிகளை நிறுவிப் பிள்ளைகளுக்கு ஞானப்பாட்டுகளைக் கற்பித்தார். தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியார் (1774-1864) நம் இராகங்களில் கீர்த்தனைகள் இயற்றினார். அவருடைய பாடல்களைக் கொண்டு அமெரிக்க மதுரை மிஷனைச் சார்ந்த எட்வர்டு வெப் ஐயர் 1853-இல் ஒரு கீர்த்தனைத் தொகுப்பை வெளியிட்டார். இவ்விரு ஊற்றுகளிலிருந்தும் நாம் இன்றுவரை பருகுகிறோம். பின்னர் நான்கு குரற் பாட்டும் டோனிக் சொல்பா முறையும் நம் பாடகர் குழுக்களில் வேரூன்றின. அம்முறையைப் பரப்பிய ஜான் கர்வன் இங்கிலாந்தின் காங்கிரிகேஷனல் சபைப் போதகர். ஞாயிறு பள்ளிகளில் பாட்டைக் கற்பிக்க எளிய வழி ஒன்றைக் கண்டுபிடிக்கும்படி 1841-இல் ஹல் நகரத்தில் கூடிய ஆசிரியர் மாநாடு அவரைக் கேட்டுக்கொண்டது. நார்விச் நகரத்து சாரா குளோவர் அம்மையாரின் முறையைத் தழுவி அவர் தம் முறையை அமைத்தார். இசை எல்லாருக்கும் உரியது என்பதே அதன் உயிர்.

சேலம் நாட்டுச் சபைகள் இக்காங்கிரிகேஷனல் மரபின் வழி வந்தவையே. இலண்டன் மிஷன் 1827-இல் ஹென்றி கிறிஸ்ப் ஐயரைக் கொண்டு சேலத்தில் பணி தொடங்கியது. அம்மிஷனைச் சார்ந்த எச்.ஏ. பாப்லி ஐயர் ஈரோட்டில் ஊழியஞ்செய்து, கர்நாடக இசையைப் பயின்று, கதாகாலட்சேப முறையில் சுவிசேஷத்தை அறிவித்தார். எல்.ஐ. ஸ்டீபன் என்பாருடன் அவர் 1914-இல் இசை வழி நற்செய்திப் பணிக்கு ஒரு கைந்நூல் வெளியிட்டார். 1921-இல் இந்திய இசை பற்றிய அவருடைய நூல் வெளிவந்தது. அவ்வாறாக, எல்லாருக்கும் இசை என்ற கர்வனின் நோக்கமும், நம் இசையில் நற்செய்தி என்ற பாப்லியின் நோக்கமும் இந்நிலத்திற்கு உறவுடையவை.

4. நகரும் ஸட்ஜமம்

இவ்விரு மரபுகளுக்கும் பொதுவான ஓர் உண்மையை நாம் கவனிக்கவேண்டும். கர்வனின் 'டோ' ஓரிடத்தில் நிலைத்ததன்று. பாடுவோருக்கு ஏற்ப நகரும். நம் ஸட்ஜமமும் அவ்வாறே. ஆண்கள் பொதுவாக ஒன்று அல்லது இரண்டு கட்டைச் சுருதியிலும், பெண்கள் ஐந்து கட்டையளவிலும் பாடுகின்றனர். பாடுகிறவனுக்குச் சுருதி சேர்ப்பதே நம் மரபு. சுருதிக்கு ஆளைத் தள்ளுவது நம் மரபன்று.

மாறும் குரலுடைய சிறுவனை இதில் வைத்துப் பார்ப்போம். ஆர்மோனியத்தில் ஒரு கட்டை வைத்து ஒரு கீர்த்தனையைத் தொடங்கினால், ஆண்களின் ஸ்தாயி அவனுக்குக் கீழே எட்டாது. அவன் முன்பு பாடிய மேல்ஸ்தாயியில் பல்லவி வரும், சரணத்தின் உச்சியோ வராது. இரண்டு படிகளுக்கும் நடுவே அவன் நிற்கிறான். 'இவனுக்குச் சுருதி சேரவில்லை' என்று நாம் தீர்ப்பளித்துவிடுகிறோம். அதே கீர்த்தனையை நான்கு கட்டைக்கு மாற்றினால் ஸட்ஜமம் 'எஃப்' ஆகிறது. கூப்பர் கூறிய எல்லை அந்த ஸட்ஜமத்தில் தொடங்கித் தாரஸ்தாயிப் பஞ்சமம் வரை செல்கிறது. பெரும்பாலான கீர்த்தனைகள் அதற்குள் அடங்கும். குறை சிறுவனிடத்திலன்று, நாம் அழுத்திய கட்டையில் இருந்தது.

5. சிற்றூர்ச் சபையில்

இதை ஒரு பெருநகரப் பேராலயத்தின் சிக்கலென்று எண்ணி ஒதுக்கவேண்டாம். சேலம் மாவட்டத்தின் நெசவூராகிய ஜலகண்டாபுரத்தை எண்ணிப் பார்ப்போம். அத்தகைய ஊரில் இருபது குடும்பங்களுள்ள ஒரு சபைக்கு இளம் ஆயர் ஒருவர் அனுப்பப்படுகிறார் என்று வைத்துக்கொள்வோம். நான்கு குரலுக்கு ஆளில்லை; இருப்பவர் பெண்கள் சிலரும், மகரக்கட்டில் இருக்கும் ஐந்தாறு பையன்களுமே. பையன்களை விலக்கினால் பாடகர் குழுவே இல்லை.

அவருக்கு உதவி அருகிலேயே இருக்கிறது. ஜலகண்டாபுரம், மேச்சேரி, எடப்பாடிப் பகுதி தெருக்கூத்து வாழும் நிலம். கூத்தில் வேடக்காரர் பாட, பின்பாட்டுக்காரர் அடியை வாங்கிப் பாடுகின்றனர். முழுப்பாட்டும் ஒருவர் தலையில் விழுவதில்லை. கதாகாலட்சேபத்திலும் பின்பாட்டு உண்டு. பெண்கள் சரணத்தை எடுக்க, பையன்கள் பல்லவியைத் திருப்பிப் பாடட்டும். எல்லை மிகச் சுருங்கியவன் ஸட்ஜமத்தையோ பஞ்சமத்தையோ நீட்டிப் பிடிக்கட்டும், அதுவும் பாட்டே. அன்று ஒன்றும் வராதவன் தாளம் போடட்டும், குழுவிலேயே இருக்கட்டும்.

வேறு சில நடைமுறைகளும் உண்டு. பையன்களைத் தனித்தனியே எழுப்பிப் பாடச்சொல்லிச் சோதிக்கலாகாது. அந்த வயதில் ஒரு சிரிப்பொலி போதும், ஆயுள் முழுவதும் வாய் மூடிவிடும். கூப்பர் செய்ததுபோல், எல்லாரும் தெரிந்த பாட்டொன்றைச் சேர்ந்து பாட, ஆசிரியர் நடுவே நடந்து செவியால் அறிந்துகொள்ளலாம். சில மாதங்களுக்கு ஒருமுறை மீண்டும் கேட்டு இடம் மாற்றலாம். உரக்கப் பாடும்படி நெருக்கலாகாது. தொண்டை வலித்தால் நிறுத்தச் சொல்லவேண்டும். எல்லாவற்றிற்கும் மேலாக, உனக்கு நடப்பது இன்னதென்று அவனுக்கு முன்கூட்டியே சொல்லவேண்டும்.

6. பயனா, ஆராதனையா?

நம் சபைகளில் பெண்கள் பாடுகின்றனர். மேல்ஸ்தாயிக்காகச் சிறுவரைத் தேடவேண்டிய பழைய காரணம் நம்மிடம் இல்லை. காரணம் போனபின்னும், மேல்ஸ்தாயி போனதும் சிறுவனை அனுப்பிவிடும் பழக்கம் மட்டும் ஏன் நிற்கிறது?

நாளாகமக்காரர் ஆலயத்துப் பாடகரை 288 பேராக எண்ணுகிறார். அவர்களுக்கு முறை வகுத்தபோது சிறியவன், பெரியவன், ஆசான், மாணாக்கன் என்ற வேறுபாடின்றிச் சீட்டுப் போட்டார்கள் என்கிறார் (1 நாளா. 25:7, 8). கற்றுக்கொண்டிருப்பவனுக்கும் அங்கே முறை உண்டு. 148-ஆம் சங்கீதம் துதிக்கு அழைக்கிறவர்களில் பிள்ளைகளும் வாலிபரும் முதியோரும் உளர். பிள்ளைக்கும் வாலிபனுக்கும் இடையில் ஓரிரண்டு ஆண்டுகள் துதிக்கு விடுமுறை என்று அச்சங்கீதம் சொல்லவில்லை.

இன்னுமொன்று. குரல் மாறும் வயதையொட்டியே நாம் பிள்ளைகளைத் திடப்படுத்தலுக்கு ஆயத்தம் செய்கிறோம். ஞானஸ்நானத்தில் பிறர் தனக்காகச் சொன்னதை இப்பொழுது உன் சொந்த வாயால் அறிக்கையிடு என்கிறோம். அதே பருவத்தில், அதே வாயைப் பாடகர் குழுவில் மூடச் சொல்கிறோம். இரண்டில் எதை அவன் நம்புவான்? நெடுங்காலம் நினைவில் நிற்பது வினாவிடைப் பாடமா, 'நீ உட்கார்' என்ற சொல்லா?

இறையியல் மாணவருக்கு நாம் கூறுவது இதுவே. நாளை நீங்கள் ஏற்கும் சபையில் கரகரத்த குரலோடு பின்வரிசைக்கு நகரும் பையனைக் கண்டால், அவனை முன்வரிசைக்கு அழையுங்கள். ஆர்மோனியத்தின் கட்டையை மாற்றுங்கள். அவன் அன்று பாடுவது செவிக்கு இனிதாயிராமற் போகலாம். ஆனால் இருபது ஆண்டுகளுக்குப்பின் உங்கள் சபையின் ஆண்கள் வரிசை பாடுமா, புத்தகத்தை மட்டும் ஏந்தி நிற்குமா என்பது அன்று தீர்மானிக்கப்படுகிறது.