ஒளியை ஏற்றது எது? – ஒளிச் சிகிச்சையின் வரலாறு பற்றிய ஒரு நோக்கு

ஒளி உடலுக்கு நலம் தரும் என்பதையும் அதுவே உடலைக் கெடுக்கும் என்பதையும் மனிதர் நெடுங்காலமாக அறிந்திருந்தனர். வெயிலிற் காய்ந்து தேறியோரும் வெயிலில் வெந்து நலிந்தோரும் எல்லாச் சமூகங்களிலும் இருந்திருக்கின்றனர். ஆயினும், ஒரே ஒளி ஓரிடத்தில் மருந்தாகவும் பிறிதோரிடத்தில் நஞ்சாகவும் தொழிற்படுவது எதனால் என்னும் வினாவுக்கு விடை காண ஏறத்தாழ இருநூறு ஆண்டுகள் தேவைப்பட்டன. இத்துறையிற் பயன் பெரும்பாலும் முன்னே வந்தது. விளக்கம் பின்னே வந்தது. இடைப்பட்ட காலத்தில் நோயாளிகள் குணமடைந்தனர்; சிலர் ஊறும் அடைந்தனர். அவ்வரலாற்றை ஒரே வினாவின் துணைகொண்டு நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும். ஒளி விழுந்த இடத்தில் அதனை ஏற்றுக்கொண்ட பொருள் எது என்பதே அவ்வினா.

மறக்கப்பட்ட ஒரு விதி

1817ஆம் ஆண்டிலே போல்டிக் கடலோரத்துக் கூர்லாந்துப் பகுதியில் வாழ்ந்த தியோடர் வொன் குரோத்தூஸ் என்னும் இரசாயன அறிஞர் ஒரு கருத்தினை வெளியிட்டார். ஒரு பொருளால் உறிஞ்சப்படும் ஒளி மாத்திரமே அப்பொருளில் இரசாயன மாற்றத்தை விளைவிக்கவல்லது என்பதே அது. ஊடுருவிச் செல்லும் ஒளியும் தெறித்துத் திரும்பும் ஒளியும் அப்பொருளைப் பொறுத்தவரை இல்லாதவை போன்றனவே. அக்காலத்தில் இக்கருத்து போதிய கவனத்தைப் பெறவில்லை. 1840களின் தொடக்கத்தில் நியூயோர்க்கில் ஜோன் வில்லியம் டிரேப்பர் தம் ஆய்வுகளின் வழியே இதே முடிவை எய்தினார். இன்று இவ்விதி இருவர் பெயராலும் வழங்குகின்றது.

இவ்விதிக்கு அளவு சார்ந்த பொருளைத் தந்தது இருபதாம் நூற்றாண்டின் பௌதிகவியல் ஆகும். ஒளி சக்திச் சொட்டுகளாகவே கொடுக்கவும் கொள்ளவும் படுகின்றது என 1905இல் ஐன்ஸ்ரைன் எடுத்துரைத்தார். சொட்டின் சக்தி அலைநீளத்துக்கு நேர்மாறானது. 700 நனோமீற்றர் அலைநீளமுடைய செவ்வொளியின் ஒரு சொட்டினைவிட 350 நனோமீற்றர் அலைநீளமுடைய ஊதாக் கடந்த கதிரின் ஒரு சொட்டு இருமடங்கு சக்தி உடையது. அச்சொட்டினை ஒரு மூலக்கூறு விழுங்கும்போது அதன் இலத்திரன் உயர்ந்த நிலையொன்றை அடைகின்றது. அவ்வாறு பெற்ற சக்தி வெப்பமாகக் கழியலாம். மீண்டும் ஒளியாக வெளிப்படலாம். அயல் மூலக்கூறுக்குக் கைமாறலாம். அல்லது பிணைப்பொன்றை மாற்றி அமைக்கலாம். உயிருள்ள உடலில் ஒளியின் நன்மை தீமை யாவும் இந்நான்கு வழிகளுள் எது நிகழ்கின்றது என்பதிலேயே தங்கியுள்ளன.

பின்சனின் விளக்கு

1877இல் இங்கிலாந்தைச் சேர்ந்த டவுன்ஸ், பிளண்ட் ஆகிய இருவரும், சூரிய ஒளி பட்ட போசணைக் கரைசல்களில் நுண்ணுயிர்கள் வளராமையையும், மூடிவைக்கப்பட்டவற்றில் அவை பெருகுவதையும் காட்டினர். நிறமாலையின் நீல, ஊதா முனையே இவ்விடயத்தில் வலிமை மிக்கது என்பதும் தெரியவந்தது. இதனை மருத்துவமாக மாற்றியவர் பரோத் தீவுகளிற் பிறந்து கோப்பன்ஹேகனில் மருத்துவம் கற்ற நீல்ஸ் ரைபேர்க் பின்சன் ஆவார்.

வைசூரி நோயாளரின் அறையிலிருந்து நீல, ஊதாக் கதிர்களை விலக்கிச் செவ்வொளியை மாத்திரம் அனுமதித்தல் நன்று என அவர் 1893இல் எழுதினார். எனவே ஒளியால் வரும் தீங்கைத் தவிர்ப்பதே அவரது முதல் முயற்சியாக இருந்தது. 1895இல் அவர் மறுதிசையிற் சென்றார். முகத்தைத் தின்று சிதைக்கும் தோற் காசநோய்க்கு, காபன் மின்வில் விளக்கின் ஒளியை வில்லைகளாற் குவித்துப் பாய்ச்சினார். ஒளியின் வெம்மையை நீர் கொண்டு தணித்தார். குருதி ஒளியை உறிஞ்சிவிடும் என்பதை உணர்ந்து, நீரோடும் வில்லையொன்றினாற் தோலை அழுத்திக் குருதியை அகற்றச் செய்தார். ஒவ்வொரு நோயாளியின் அருகிலும் ஒரு தாதி நெடுநேரம் அமர்ந்து அவ்வில்லையைப் பிடித்திருக்க வேண்டியிருந்தது. முகம் சிதைந்தமையால் ஊரார் பார்வையிலிருந்து ஒதுங்கி வாழ்ந்த பலர் இச்சிகிச்சையால் மீண்டும் மனிதர் நடுவே வந்தனர். 1903இல் பின்சனுக்கு நோபல் பரிசு வழங்கப்பட்டது. நீண்டகால நோயாளியாகவே வாழ்ந்த அவர் அடுத்த ஆண்டில் 43ஆம் வயதிற் காலமானார்.

ஊதாக் கடந்த கதிர்கள் நேரே காசநோய்ப் பற்றீரியாக்களைக் கொல்கின்றன என்பதே அக்காலத்து விளக்கம். அவ்விளக்கம் ஏறத்தாழ நூறாண்டுகள் ஏற்கப்பட்டிருந்தது.

மாணவர் ஒருவரின் அவதானம்

அதே காலப்பகுதியில் மியூனிக் நகரில் ஒஸ்கார் ராப் என்னும் மருத்துவ மாணவர், பேராசிரியர் ஹேர்மன் வொன் ரப்பைனரின் கீழ் அக்கிரிடீன் என்னும் சேர்வை பரமேசியங்களை எவ்வளவு நேரத்திற் கொல்கின்றது என அளந்துகொண்டிருந்தார். ஒரே செறிவுடைய கரைசல் வெவ்வேறு நாட்களில் வெவ்வேறு நேரங்களைக் காட்டியது. இவ்வேறுபாட்டைப் பரிசோதனை வழுவெனத் தள்ளிவிடாது அவர் காரணம் தேடினார். அந்நாட்களின் வெளிச்சம் வேறுபட்டிருந்தமையே காரணம் என்பது புலனாயிற்று. இருளில் அச்சேர்வை அவ்வுயிர்களுக்குப் பெருந்தீங்கு செய்யவில்லை. சேர்வையற்ற ஒளியும் அவ்வாறே. இரண்டும் கூடியபோது அவை இறந்தன. இம்முடிவு 1900இல் வெளியாயிற்று. இத்தாக்கத்துக்கு ஒட்சிசனும் வேண்டும் என்பதை ரப்பைனரும் அவருடைய சகாக்களும் பின்னர் நிறுவினர்.

இக்கண்டுபிடிப்பின் முக்கியத்துவம் யாதெனில், ஒளியை ஏற்கும் பொருளும் தாக்கத்துக்கு உள்ளாகும் பொருளும் வேறு வேறாக இருக்கலாம் என்பதாகும். சாய மூலக்கூறு ஒளியை ஏற்கின்றது. அச்சக்தியை ஒட்சிசனுக்குக் கைமாற்றுகின்றது. கிளர்ச்சியுற்ற ஒட்சிசன் அருகிலுள்ள கலத்தின் மென்சவ்வுகளையும் புரதங்களையும் சிதைக்கின்றது. குருதியின் செந்நிறப் பொருளோடு உறவுடைய போபிரின்களும் இவ்வாறு தொழிற்படவல்லன. 1912இல் ஜேர்மானிய மருத்துவர் பிரெட்ரிக் மேயர்-பெற்ஸ் 200 மில்லிகிராம் ஹீமற்றோபோபிரினைத் தம் உடலிலேயே ஏற்றிக்கொண்டு வெயிலுக்குச் சென்றார். அவருடைய முகமும் கைகளும் பெரிதும் வீங்கின. ஒளியைத் தாங்காத இந்நிலை வாரக்கணக்கில் நீடித்தது. அவர் தம் உடலில் அனுபவித்த அதே தாக்கம் 1970களில் அமெரிக்காவின் பபலோ நகரில் தோமஸ் டோகெற்றியும் அவரது குழுவினரும் செய்த ஆய்வுகளினூடே புற்றுநோய்ச் சிகிச்சையாக வளர்ந்தது.

வெயிலின் பொற்காலமும் அதன் நிழலும்

முதலாம் உலகப் போருக்குப் பின்னர் ஐரோப்பிய நகரங்களின் வறிய குழந்தைகளிடையே என்புகள் வளையும் றிக்கற்ஸ் நோய் மலிந்திருந்தது. 1919இல் பேர்லினில் கேட் ஹுல்ட்ஷின்ஸ்கி என்னும் மருத்துவர் இரச ஆவி விளக்கின் ஒளியால் அந்நோயைக் குணப்படுத்தினார். ஒரு கைக்கு மாத்திரம் ஒளி பாய்ச்சியபோது மறுகையின் என்பும் குணமடைந்தமை கண்டு, தோலில் உருவாகும் ஏதோ ஒரு பொருள் குருதிவழியே உடலெங்கும் செல்கின்றது என உய்த்துணர முடிந்தது. தோலிலுள்ள கொலஸ்திரோல் இனச் சேர்வையொன்று ஊதாக் கடந்த கதிரை ஏற்று, தன் வளையமொன்று திறக்கப்பெற்று, விற்றமின் டி ஆகும் வழியில் இறங்குகின்றது என்பது பின்னர் விளக்கமாயிற்று.

இவ்வெற்றிகள் வெயில் எந்நோய்க்கும் மருந்து என்னும் மிகை நம்பிக்கைக்கு இடமளித்தன. மலைச்சாரல்களில் வெயிற் சிகிச்சை நிலையங்கள் பெருகின; வெயிலிற் கருகிய தோல் மேலைநாடுகளிற் செல்வத்தின் அடையாளமாகவும் மாறியது. அதே கதிர் கலத்தினுள்ளே வேறு யாது செய்கின்றது என்பதை அறிய வேண்டிய கட்டாயம் அப்போது பலருக்குத் தோன்றவில்லை.

ஆயினும் அதற்கான சான்று விரைவிலேயே கிடைத்தது. 1930 அளவில் அமெரிக்க ஆய்வாளர் பிரெட்ரிக் கேற்ஸ், பற்றீரியாக்களைக் கொல்வதில் எவ்வலைநீளம் வலிமை மிக்கது என அளந்தார். உச்ச வலிமை 260 நனோமீற்றர் அளவிற் காணப்பட்டது. அவ்வளைகோடு நியூக்கிளிக் அமிலத்தின் உறிஞ்சல் வளைகோட்டை ஒத்திருந்தது. பரம்பரை இயல்பைக் கடத்துவது புரதமே எனப் பெரும்பாலோர் எண்ணியிருந்த காலமாதலின், அவ்வொற்றுமையின் முழுப்பொருள் உணரப்படவில்லை. டி.என்.ஏ.யே பரம்பரைப் பொருள் என்பதற்கு ஏவரியும் சகாக்களும் 1944இற் சான்று காட்டினர். 1960இல் ஒல்லாந்திலே, ஒளியேற்ற அயற் தைமின்கள் இரண்டு ஒன்றோடொன்று பிணைந்து இரட்டையாவது கண்டறியப்பட்டது. அவ்வாறு பிணைந்த எழுத்துகளைக் கலம் பிழையாக வாசிக்கலாம். அப்பிழையே புற்றுநோயின் வித்தாகலாம்.

கலம் இதற்கு எதிராக வாளாவிருப்பதில்லை. தோலின் மெலனின் துணிக்கைகள் கலக்கருவின் மேலே குடைபோற் குவிந்து கதிர்களை ஏற்று, அவற்றின் சக்தியைப் பெரும்பாலும் வெப்பமாகக் கழிக்கின்றன. எல்லா மனிதரிடத்தும் மெலனின் ஆக்கும் கலங்களின் எண்ணிக்கை ஏறத்தாழ ஒன்றே. துணிக்கைகளின் அளவும் பரம்பலுமே வேறுபடுகின்றன. மனிதரை உயர்ந்தோர் தாழ்ந்தோர் எனப் பிரிக்கப் பயன்பட்ட தோல் நிறம், உண்மையில் ஒளிக்கும் மூலக்கூறுக்கும் இடையேயான ஒரு கணக்கின் விடையே என்பது ஈண்டு நோக்கத்தக்கது.

குடையைத் தாண்டி வரும் ஊறுகளை நொதியங்கள் வெட்டியகற்றிப் பழுதுபார்க்கின்றன. 1870களில் வியன்னாவில் கப்போசி விவரித்த ஓர் அரிய நோயிற் குழந்தைகளின் தோல் சிறிதளவு வெயிலுக்கும் வெந்து, இளவயதிலேயே புற்றுநோய்க்கு உள்ளாகின்றது. இவர்களுடைய கலங்களில் அப்பழுதுபார்க்கும் ஆற்றல் குன்றியுள்ளது என 1968இல் கலிபோர்னியாவில் ஜேம்ஸ் கிளீவர் காட்டினார். இக்குழந்தைகளுக்குப் பகல் முழுவதும் ஓர் அபாயமாகும். ஏனையோர் அறியாமலே அன்றாடம் பெற்றுவரும் பாதுகாப்பின் பெறுமதியை அவர்களின் துயரே உலகுக்கு உணர்த்தியது.

ஒரு தாதியின் கண்

1956இல் இங்கிலாந்தின் எசெக்ஸ் பகுதியிலுள்ள றொச்பேட் வைத்தியசாலையில் ஜீன் வார்ட் என்னும் தலைமைத் தாதி, குறைமாதக் குழந்தைகளை வெயில் நாட்களில் முற்றத்துக்குக் கொண்டுசெல்லும் வழக்கமுடையவர். செங்கண்மாரியுற்ற குழந்தையொன்றின் தோல் எங்கும் மஞ்சள் நிறம் மங்கியிருக்க, துணியின் மூலை மறைத்திருந்த முக்கோண வடிவப் பகுதி மாத்திரம் மஞ்சளாகவே இருப்பதை அவர் மருத்துவர்களுக்குக் காட்டினார். வெயிலில் வைக்கப்பட்ட குருதி மாதிரியொன்றிற் பிலிருபின் அளவு குறைந்திருந்ததும் அங்கு அவதானிக்கப்பட்டது. 1958இல் ஆய்வு வெளியாயிற்று. பிலிருபின் நீலவொளியை ஏற்று வடிவம் மாறி, ஈரலின் இணைப்புத் தாக்கம் வேண்டாமலே வெளியேறத்தக்கதாகின்றது. மூளையைச் சிதைக்கவல்ல நிலையிலிருந்து எண்ணற்ற சிசுக்களை இன்று காக்கும் நீல விளக்குகளின் தோற்றுவாய் இதுவேயாகும். இங்கு ஊதாக் கடந்த கதிர் தேவையில்லை என்பதும் கருதத்தக்கது. ஏற்கும் மூலக்கூறு தெரிந்தமையால் ஊறு செய்யும் கதிரை விலக்கிப் பயன்தரும் கதிரை மாத்திரம் தெரிய முடிந்தது.

இதற்கு மாறான உதாரணம் ஒன்றும் உண்டு. வெண்புள்ளி நோய்க்கு நைல் நதிப் பள்ளத்தாக்கின் தாவரமொன்றையும், நம் சித்த, ஆயுர்வேத மரபுகளிற் கார்போக அரிசியையும் மருத்துவர் பயன்படுத்தி வந்துள்ளனர். இவற்றிலுள்ள சொராலென் சேர்வைகள் டி.என்.ஏ.யின் இழைகளிடையே புகுந்து, ஊதாக் கடந்த கதிரை ஏற்று, அவ்விழைகளைப் பிணைக்கின்றன. 1974இல் இம்முறை சொரியாசிஸ் நோய்க்கு நவீன சிகிச்சையாகியது. நோய் தணிந்தது, ஆனால் பன்முறை சிகிச்சை பெற்றோரிடையே தோற் புற்றுநோய் மிகுவதை நீண்டகால அவதானங்கள் காட்டின. மருந்தும் நஞ்சும் இங்கே ஒரே தாக்கத்தின் இரு பக்கங்களாக அமைந்தன.

முடிவாக

2005இல் டென்மார்க் ஆய்வாளர் சிலர் பின்சனின் பழைய விளக்குகளையும் வில்லைகளையும் மீளச் சோதித்தனர். அவ்வமைப்பினூடே 340 நனோமீற்றருக்குக் குறைந்த கதிர்கள் செல்லவில்லை. நேரே பற்றீரியாவைக் கொல்லும் கதிர் நோயாளியை அடைந்திருக்க இயலாது. காசநோய்ப் பற்றீரியாக்கள் தாமே ஆக்கும் போபிரின்கள் ஒளியை ஏற்று, ஒட்சிசனைக் கிளர்ச்சியுறச் செய்து, அவற்றை அழித்திருக்க வேண்டும் என்பதே அவர்களின் முடிவு. ஆகவே, கோப்பன்ஹேகனிற் பெற்ற பெருவெற்றியின் விளக்கம், அதே ஆண்டுகளில் மியூனிக் மாணவர் ஒருவரின் குறிப்பேட்டில் இருந்தது எனலாம். சிகிச்சை உண்மையானது, காரணம் பிறிதொன்று.

பின்சனின் பிழையான விளக்கம் அவருடைய நோயாளிகளுக்குக் கேடு செய்யவில்லை. எனினும் அத்தகைய நல்வாய்ப்பு எப்போதும் அமைவதில்லை. தோலைக் கருமையாக்கும் விளக்குப் படுக்கைகள் பாதுகாப்பானவை எனப் பல ஆண்டுகளாக விற்கப்பட்ட பின்னர், 2009இலேயே அவற்றின் கதிர்கள் மனிதரிற் புற்றுநோயை விளைவிப்பனவற்றின் முதல் வகுப்பில் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகத்தாற் சேர்க்கப்பட்டன. நலம், அழகு ஆகியவற்றின் பெயரால் ஒளி விற்கப்படும் போதெல்லாம் குரோத்தூஸ் எழுப்பிய பழைய வினாவை நாமும் எழுப்புதல் வேண்டும். எவ்வலைநீளம் வருகின்றது? அதனை ஏற்கும் மூலக்கூறு யாது? ஏற்ற சக்தி எங்கே செல்கின்றது? இம்மூன்றுக்கும் விடை கூற இயலாதவரின் உறுதிமொழியை ஐயத்தோடு நோக்குவதே இவ்வரலாறு நமக்குக் கற்பிக்கும் பாடமாகும்.