அறுவை சிகிச்சைக்கு முன்னும் பின்னும்: செவிலியர் தரும் விளக்கம்

அறுவை சிகிச்சைக்கு முன்னும் பின்னும் நீங்கள் செய்ய வேண்டியவற்றைச் செவிலியர் உங்களுக்கு விளக்குவார். இவ்விளக்கமும் சிகிச்சையின் ஒரு பகுதியே. வீட்டில் உங்களைக் கவனித்துக்கொள்ளப் போகிறவரும் அப்போது உடனிருப்பது நல்லது.

உங்கள் மொழியில் கேளுங்கள்

ஆந்திர எல்லையை ஒட்டிய திருத்தணியில் தமிழ் பேசுவோரும் தெலுங்கு பேசுவோரும் சிகிச்சைக்கு வருகின்றனர். உங்களுக்கு நன்கு புரியும் மொழியில் விளக்குமாறு கேட்கத் தயங்க வேண்டாம். கேட்டவற்றை உங்கள் சொற்களில் செவிலியரிடம் திரும்பக் கூறுங்கள். தவறாகப் புரிந்துகொண்டது ஏதேனும் இருப்பின் அப்போதே திருத்திக்கொள்ளலாம்.

சிகிச்சைக்கு முன்

• உணவு: பொதுவாக, மயக்க மருந்து தருவதற்கு 6 மணி நேரம் முன்பே திட உணவையும் பாலையும், 2 மணி நேரம் முன்பே தண்ணீரையும் நிறுத்த வேண்டும். உங்களுக்கெனக் கூறப்பட்ட நேரத்தையே பின்பற்றுங்கள். தவறி ஏதேனும் உண்டுவிட்டால், சிகிச்சை தள்ளிப்போகும் என்று அஞ்சி மறைக்காதீர்கள். மயக்க நிலையில் வயிற்றிலுள்ளவை நுரையீரலுக்குள் சென்றால் உயிருக்கே ஆபத்தாகலாம்.

• மருந்துகள்: சர்க்கரை நோய், இரத்த அழுத்தம், இரத்தம் உறைவதைத் தடுத்தல் ஆகியவற்றுக்கான மாத்திரைகளையும் நாட்டு மருந்துகளையும் காட்டுங்கள். ஒவ்வாமை இருப்பின் கூறுங்கள். எம்மருந்தையும் நீங்களாகவே நிறுத்த வேண்டாம்.

• தூய்மை: சிகிச்சை செய்யப்படும் இடத்தில் வீட்டிலேயே சவரம் செய்யாதீர்கள். சிறு கீறலும் தொற்றுக்கு வழிவகுக்கும். நகைகளையும் நகப்பூச்சையும் அகற்றிவிடுங்கள்.

சிகிச்சைக்குப் பின்

ஆழ்ந்து மூச்சு விடுதல், படுத்தபடியே கணுக்காலை அசைத்தல், அனுமதித்தவுடன் துணையுடன் எழுந்து நடத்தல் ஆகியவை நுரையீரலில் சளி தேங்குவதையும் காலில் இரத்தம் உறைவதையும் தடுக்க உதவும். இப்பயிற்சிகளை முன்னதாகவே கற்றுக்கொள்ளுங்கள். வலியைப் பொறுத்துக்கொண்டு இராமல் செவிலியரிடம் கூறுங்கள்.

வீடு திரும்பும்போது

கட்டு மாற்றும் நாள், குளிக்கும் முறை, மறுபரிசோதனை நாள் ஆகியவற்றை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். நலமடைந்தால் முருகன் கோயிலின் 365 படிகளை ஏறுவதாகவோ காவடி எடுப்பதாகவோ வேண்டிக்கொண்டிருந்தால், அதையும் செவிலியரிடம் கூறுங்கள். படியேறுவதும் பளு தூக்குவதும் எப்போது பாதுகாப்பானவை என்பது, செய்யப்பட்ட அறுவை சிகிச்சையைப் பொறுத்தது. மருத்துவர் அனுமதித்த பின்னரே வேண்டுதலை நிறைவேற்றுங்கள்.

உடனே மருத்துவமனைக்கு வர வேண்டிய அறிகுறிகள்

• காய்ச்சல், புண்ணில் சீழ் அல்லது இரத்தக் கசிவு, தையல் பிரிதல்
• ஒரு காலில் மட்டும் வீக்கமும் வலியும்
• மூச்சுத்திணறல், நெஞ்சுவலி

மூச்சுத்திணறலோ நெஞ்சுவலியோ ஏற்பட்டால் தாமதமின்றி 108 எண்ணை அழைக்கவும். பிற ஐயங்களுக்கு 104 மருத்துவ உதவி எண்ணில் ஆலோசனை பெறலாம்.