ஐம்பது மாநிலமும் ஒரு அம்மாவும்

'கால் மீ பை யுவர் நேம்' படம் பார்த்தவங்களுக்கு அந்த மெல்லிய குரல் ஞாபகம் இருக்கும். 2018ல் ஆஸ்கர் பரிந்துரை வரைக்கும் போன பாட்டு அது. பாடினவர் சுஃப்யான் ஸ்டீவன்ஸ். இன்னிக்கு எபிசோட் அவரைப் பத்தித்தான்.

1975ல் டெட்ராய்ட்டில் பிறந்தவர், மிச்சிகன் மாநிலத்திலேயே வளர்ந்தவர். பள்ளி நாட்களில் கத்துக்கிட்டது ஓபோ. நம்ம நாதஸ்வரம் மாதிரி சீவாளி வச்சு ஊதற கருவி. அப்புறம் பேஞ்ஜோ, பியானோ, கிடார், டிரம்ஸ், புல்லாங்குழல்னு கைக்குக் கிடைச்சதையெல்லாம் வாசிச்சார். 1999ல் 'அஸ்த்மேட்டிக் கிட்டி'ன்னு சொந்தமா ஒரு லேபிள் ஆரம்பிச்சார். கூட நின்றவர் லோவல் பிராம்ஸ், இவரோட அம்மாவின் முன்னாள் கணவர். இந்தப் பெயரை ஞாபகம் வச்சுக்கோங்க, திரும்ப வரும்.

2003ல் 'மிச்சிகன்' ஆல்பம் வந்தப்போ, அமெரிக்காவின் 50 மாநிலங்களுக்கும் ஆளுக்கு ஒரு ஆல்பம் போடப்போறதா அறிவிச்சார். 2005ல் 'இல்லினாய்ஸ்'. 22 டிராக். கோரஸ், வயலின், டிரம்பெட்டுக்கு நண்பர்கள் வந்தாங்க. மத்தபடி இருபதுக்கும் மேற்பட்ட கருவிகளை அவரே வாசிச்சார். கேட்டா பெரிய ஸ்டுடியோ செலவு மாதிரி தெரியும். ஆனா பதிவு பண்ணது ஒரு சின்ன எட்டு டிராக் மெஷின்ல, சாதாரண மைக் வச்சு.

மூணாவது மாநிலம் வரவே இல்லை. 2009ல், அது ஒரு விளம்பர உத்திதான்னு அவரே ஒத்துக்கிட்டார். 50ல 2, அதாவது 4 சதவீதம். எந்த மேனேஜரும் தாங்கமாட்டார்னு சிரிச்சேன். அப்புறம் என் லேப்டாப்ல பாதியில நிக்கற ப்ராஜெக்ட்களை எண்ணிப் பார்த்துட்டு சிரிப்பை நிறுத்திட்டேன்.

எனக்கு ஒண்ணு தோணுது. 'இல்லினாய்ஸ்' முழுக்க லிங்கன், ஒரு தொடர் கொலைகாரன், சின்னச் சின்ன ஊர்கள். பெரும்பாலும் மத்தவங்க கதை. அவ்வளவு கருவிகளுக்கு நடுவுல ஒருத்தர் தன் கதையைச் சுலபமா ஒளிச்சு வைக்கலாம்.

அந்தக் கதை இதுதான். சுஃப்யானுக்கு ஒரு வயசு இருக்கும்போதே அம்மா கேரி வீட்டை விட்டுப் போயிட்டாங்க. அவங்களுக்கு மனநலப் பிரச்சினை, கூடவே போதைப் பழக்கம். பின்னாடி லோவலைக் கல்யாணம் பண்ணிக்கிட்டாங்க. அந்தச் சில வருஷத்துல, ஓரிகன் மாநிலத்துல அவங்க வீட்டுக்குக் கோடை விடுமுறைக்குப் போனதுதான் பையனுக்கு அம்மாவோட கிடைச்ச நாட்கள். கல்யாணம் முறிஞ்சது. ஆனா லோவல் மட்டும் பையனை விடலை.

2012ல் கேரி இறந்துட்டாங்க. 2015ல் வந்த ஆல்பத்தோட பெயர் 'கேரி அண்ட் லோவல்'. டிரம்ஸ் இல்லைன்னே சொல்லலாம். பெரும்பாலும் ஒரு கிடார், ஒரு குரல். சில பகுதிகளை ஓரிகன்ல ஒரு ஹோட்டல் ரூம்ல, ஐபோன்லயே பதிவு பண்ணார். இருபது கருவி வாசிக்கத் தெரிஞ்ச ஆள், அம்மாவைப் பத்திப் பேசும்போது கிட்டத்தட்ட எல்லாத்தையும் கீழே வச்சுட்டார்.

முதல்ல 'இல்லினாய்ஸ்' கேளுங்க. அப்புறம் ஒரு ராத்திரி ஹெட்போன் போட்டு 'கேரி அண்ட் லோவல்'. ரெண்டுக்கும் நடுவுல பத்து வருஷம் இருக்கு. எங்கே தழுதழுத்துச்சுன்னு எனக்கு எழுதுங்க.