மதுரையின் பழைய நகரும் பாதுகாப்புப் பகுதி என்னும் ஏற்பாடும்

பாதுகாப்புப் பகுதி என்பது ஊருக்குள் இருக்கும் பழைய வட்டாரம் ஒன்றை, வீடு, தெரு, சந்து, குளம், மரம் எல்லாம் சேர்த்து ஒரே பொருளாக எண்ணி, அதன் இயல்பு கெடாமல் காக்க அரசோ உள்ளாட்சியோ வரையும் எல்லை. தொல்லியல் சட்டங்கள் தனிச் சின்னங்களைக் காக்கின்றன: ஒரு கோட்டை, ஓர் அரண்மனை, ஒரு குடைவரை. தனியாக எடுத்துப் பார்த்தால் எந்தப் பட்டியலிலும் இடம்பெறாத நூறு சாதாரண வீடுகள் வரிசையாக நிற்கும்போது உண்டாகிற தெருவைக் காப்பது இந்த ஏற்பாடு. இங்கிலாந்து 1967-இல் இதற்கெனச் சட்டம் இயற்றியது; ஸ்டாம்ஃபோர்டு என்ற சிறு நகரம் முதல் பாதுகாப்புப் பகுதியானது. அத்தகைய எல்லைக்குள் வீட்டை இடிக்க அனுமதி வேண்டும். கொல்லையில் நிற்கும் மரத்தை வெட்டவே ஆறு வாரம் முன்னதாக அறிவிக்க வேண்டும். சிங்கப்பூர் 1989-இல் சைனாடவுன், கம்போங் கிளாம் ஆகியவற்றோடு தமிழர் கடைகள் நிறைந்த லிட்டில் இந்தியாவையும் இப்படி அறிவித்தது. மும்பையில் 1995-இல் வந்த விதிகள் தனிக் கட்டடங்களோடு வட்டாரங்களையும் பட்டியலிட்டன. மதுரையில் இருப்பது இந்த ஏற்பாட்டின் பாதி மட்டுமே. அது தடை. தடைக்கு ஈடாக வீட்டுக்காரருக்கும் தெருவில் பிழைப்பவருக்கும் கிடைக்க வேண்டிய மறுபாதி இன்னும் வரவில்லை.

மீனாட்சி சுந்தரேசுவரர் கோயிலைச் சுற்றி ஒரு கிலோமீட்டர் தொலைவுக்குள் 9 மீட்டருக்கு மேல் கட்டடம் எழும்பக் கூடாது என்று தமிழக அரசு 1997-இல் ஆணையிட்டது. 1559-இல் எழுந்த தெற்குக் கோபுரம் ஏறத்தாழ 170 அடி உயரம். அது தெருமுனையிலிருந்து கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்பதே நோக்கம். நல்ல நோக்கம்தான். ஆனால் விதி மீறிய கட்டடங்கள் மீதான வழக்குகள் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை வரை போயின. மீறலைவிடப் பெரிய குறை விதிக்குள்ளேயே இருக்கிறது. அது வானத்தை அளக்கிறது, தரையைப் பார்ப்பதில்லை. நூறாண்டு பழைய ஓட்டு வீட்டை இடித்துவிட்டு, கண்ணாடி முகப்பு வைத்த ஒன்பது மீட்டர் கான்கிரீட் பெட்டியை நிறுத்தினால், இந்த ஆணையின்படி தவறே இல்லை. மேலே போக வழியில்லாத உரிமையாளர் பக்கவாட்டில் விரிகிறார்: முற்றம் தளம் போட்டு மூடப்படுகிறது, திண்ணை கடையாகிறது, இரு வீடுகளுக்கு நடுவே இருந்த முடுக்கு காணாமல் போகிறது.

இழப்பு எத்தகையது என்பது அத்தகைய ஒரு வீட்டுக்குள் போனால் விளங்கும். தெருவை ஒட்டித் திண்ணை, அதன் மேல் மரத்தூண் தாங்கும் தாழ்வாரம், உள்ளே இருண்ட ரேழி, அதைக் கடந்ததும் சட்டென்று வெளிச்சம் கொட்டும் முற்றம். மரச்சட்டங்களின் மேல் செங்கல்லைச் செங்குத்தாக நிறுத்திச் சுண்ணாம்பு போட்ட மச்சு. மதுரையின் சித்திரை வெயிலில் இந்த வீடு தாங்குவதற்குக் காரணம், முற்றத்து வழியே மேலேறும் சூடான காற்றும் சுண்ணாம்புச் சுவர்களின் கனமும். அடுத்தடுத்த வீடுகள் சுவரைப் பகிர்ந்துகொள்வதால் நடுவில் ஒன்றை இடித்தால் இரு பக்கமும் விரிசல் விழும். ஒரு வீட்டின் பழுது அடுத்த வீட்டின் கவலை என்பதால்தான் பாதுகாப்பைத் தெருவளவில் யோசிக்க வேண்டியிருக்கிறது.

மதுரையில் எது நிலைத்திருக்கிறது, ஏன் நிலைத்திருக்கிறது என்று பார்த்தால் இன்னொரு காரணமும் புலப்படும். கோயிலுக்குள் ஆடி வீதி, வெளியே சித்திரை வீதி, ஆவணி மூல வீதி, மாசி வீதி என ஒன்றையொன்று சூழ்ந்த சதுரங்களாக நகரம் அமைந்திருக்கிறது. இவற்றுள் மாசி வீதிகளின் அகலம் பெரிதும் குறையாமல் இருப்பதற்கு, சித்திரைத் திருவிழாத் தேர் ஆண்டுதோறும் அங்கே ஓடியாக வேண்டும் என்பதைவிட வலுவான காரணம் இல்லை. கீழமாசி வீதித் தேரடியில் புறப்படும் தேர் நான்கு முனைகளிலும் திரும்பி நிலைக்கு வர வேண்டும். அதற்குக் குறுக்கே யாரும் சுவர் எழுப்ப முடியாது. மதுரையின் மிகப் பழைய நகரமைப்பு விதி அந்தத் தேர்தான் என்பேன். எழுகடல் தெருவில் இதற்கு மாறாக நடந்தது. பெயருக்குக் காரணமான தெப்பக்குளம் புழக்கம் இழந்து தூர்ந்தது. அந்த இடத்தில் கடை வளாகம் எழுந்தது. புழங்குகிற இடம் தன்னைத் தானே காத்துக்கொள்கிறது. ஆகவே பாதுகாப்புப் பகுதி விதி சுவரை மட்டும் பட்டியலிட்டால் போதாது, அந்தச் சுவருக்குள் நடக்கும் தொழிலையும் கணக்கில் எடுக்க வேண்டும்.

புதுமண்டபம் இதற்கு நல்ல சான்று. திருமலை நாயக்கர் கட்டிய இந்த மண்டபத்தின் சிற்பத் தூண்களுக்கு நடுவே பல தலைமுறைகளாகத் தையற்காரர்களும் புத்தகக் கடைக்காரர்களும் பாத்திர வியாபாரிகளும் இருந்தார்கள். சித்திரைத் திருவிழாவில் அழகர் ஆற்றில் இறங்கும்போது வேஷம் கட்டும் பக்தர்களுக்கு உடை தைத்துக் கொடுத்தவர்கள் அந்தத் தையற்காரர்கள். 2018 பிப்ரவரி 2 இரவு கோயிலின் வீரவசந்தராயர் மண்டபத்தில் பிடித்த தீ, கல் மண்டபத்துக்குள் கடைகள் இருப்பதன் அபாயத்தை எல்லாருக்கும் காட்டியது. புதுமண்டபத்துக் கடைகள் பிறகு குன்னத்தூர் சத்திரத்துக்கு மாற்றப்பட்டன. மாற்றியது சரி. நகரத்துக்கு வெளியே எங்கோ அனுப்பாமல் பழைய நகருக்குள்ளேயே இடம் கொடுத்தது அதைவிடச் சரி. திருவிழாக் கூட்டம் நடந்து போகும் தூரத்தில் இல்லாத தையற்கடைக்குப் பிழைப்பு இல்லை. மதுரையின் சுங்குடிச் சேலை 2005-இல் புவிசார் குறியீடு பெற்றது. துணியின் பெயருக்குச் சட்டப் பாதுகாப்பு வந்துவிட்டது. முடிச்சுப் போட்டுச் சாயம் தோய்த்து உலர்த்தும் திருமலை நாயக்கர் மகால் பகுதி வீடுகளுக்கும் மொட்டை மாடிகளுக்கும் அப்படி ஒன்று இல்லை.

மாற்றமே மதுரையின் இயல்பு, அதைத் தடுப்பானேன் என்று கேட்பவர்கள் உண்டு. வரலாறு அவர்கள் பக்கம் இருப்பதுபோலத் தோன்றும். விசுவநாத நாயக்கர் பாண்டியர் காலக் கோட்டையை இடித்து 72 கொத்தளங்களோடு புதிய கோட்டை கட்டினார். அதை 1840-களில் கலெக்டர் பிளாக்பர்ன் இடித்து அகழியைத் தூர்த்தார். வேலையை நடத்திய மாரட்டின் பெயரும் பெருமாள் மேஸ்திரியின் பெயரும் இன்றும் தெருப்பெயர்களாக இருக்கின்றன. ஊர் மக்கள் பிளாக்பர்னுக்கு விளக்குத்தூணே நட்டார்கள். ஆனால் அந்த இடிப்புக்கு ஒரு வரைபடம் இருந்தது. நெரிசலில் நோய் பரவிய நகருக்குக் காற்றும் இடமும் தர, கோட்டை நின்ற இடத்தில் அகலமான தெருக்கள் வந்தன. உள்ளே இருந்த சதுர வீதிகள் கலையவில்லை. இன்று நடப்பதோ மனை மனையாக, அவரவர் வசதிப்படி நிகழும் இடிப்பு. மொத்தத் தெருவுக்கு என்ன ஆகும் என்று யாரும் கேட்பதில்லை. கேட்காமல் விட்டால் என்ன மிஞ்சும் என்பதை அறியப் பத்துத்தூண் சந்துக்குப் போனால் போதும். திருமலை நாயக்கர் அரண்மனை வளாகத்தின் பத்து மாபெரும் கல்தூண்கள் ஜவுளிக் கடைகளுக்கு நடுவே, தாங்குவதற்குக் கூரை இல்லாமல் நிற்கின்றன. தூண்கள் பத்திரமாக இருக்கின்றன. அவை எந்தக் கட்டடத்தின் பகுதி என்பதை நின்று பார்ப்பவரால் ஊகிக்க முடியாது.

இன்னும் ஆழமான மறுப்பு ஒன்று உண்டு. பழைய தெருக்கள் சாதி வாரியாக வகுக்கப்பட்டவை. அவற்றைப் போற்றுவது அந்தப் பிரிவினையைப் போற்றுவதாகாதா? இந்தக் கேள்வியைத் தட்டிக்கழிக்க முடியாது. யாருக்கு அனுமதி இருந்தது, யார் வெளியே நிறுத்தப்பட்டார்கள் என்பதும் தெருவின் வரலாறுதான். 1939 ஜூலை 8 அன்று வைத்தியநாத ஐயர் தலைமையில் ஒடுக்கப்பட்ட மக்கள் மீனாட்சி கோயிலுக்குள் நுழைந்தார்கள். அவர்கள் கடந்த வாசல் இன்றும் நிற்பதால்தான் அந்த நாளின் கனத்தை ஒருவர் அங்கே நின்று உணர முடிகிறது. வீட்டின் வடிவத்தைக் காக்கும் விதி, அதில் யார் குடியிருக்கலாம் என்று சொல்லக் கூடாது. அக்ரகாரத்து வீட்டை யாரும் வாங்கலாம், ஆனால் திண்ணையை இடிக்கக் கூடாது என்பதுதான் சரியான விதி.

பணம் பற்றிய மறுப்பு நேரடியானது: மேலே கட்டக் கூடாது என்று தடுக்கிறீர்கள், ஒழுகும் மச்சுக்கு யார் செலவு செய்வது? பினாங்கின் ஜார்ஜ் டவுனில் வாடகைக் கட்டுப்பாடு 2000-இல் முடிந்ததும் பழைய குடித்தனக்காரர்கள் பலர் வெளியேறினார்கள். 2008-இல் உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்ந்தபின் கடைவீடுகள் பல விடுதிகளாகின. முகப்பு பிழைத்தது, ஆட்கள் போனார்கள். மாற்று வழிகளும் உண்டு. புதுச்சேரியில் வைசியாள் வீதியின் தமிழ் வீடுகளை, குடியிருப்பவர்களை வெளியேற்றாமல், இன்டாக் அமைப்பு திட்ட நிதியோடு சீரமைத்தது. 2008-இல் அதற்கு யுனெஸ்கோ விருது கிடைத்தது. ஆமதாபாத்தில் பழைய வீட்டுக்காரர் தான் கட்டாமல் விட்ட மாடிகளுக்கான உரிமையை நகரின் வேறு பகுதியில் கட்டுபவருக்கு விற்கலாம். அந்தப் பணம் வீட்டைப் பழுது பார்க்க உதவும். மதுரையின் 9 மீட்டர் ஆணை அந்த மாடிகளை எடுத்துக்கொண்டது, பதிலுக்கு எதையும் தரவில்லை. ஈடில்லாத தடையை மீறுவதற்கு ஆள் இருந்துகொண்டே இருக்கும்.

இந்த வாதம் முழுவதும் கோயிலைச் சுற்றியே நிற்கிறது. நகரின் தெற்கே வில்லாபுரத்தில் இருப்பவருக்கு இதில் என்ன இருக்கிறது? ஆணை வந்த அதே 1997-இல், ஏப்ரல் மாதம், வில்லாபுரத்தின் மாநகராட்சி உறுப்பினர் லீலாவதி, குடிநீருக்காகப் போராடியதால் பட்டப்பகலில் கொல்லப்பட்டார். குடிக்கத் தண்ணீர் கேட்டவர் உயிரை விட்ட ஊரில் ஓட்டு வீட்டின் அழகைப் பேசுவது ஆடம்பரம் என்று ஒருவர் சொன்னால், அவரை மதித்தே பதில் சொல்ல வேண்டும். பழைய வட்டாரத்தைக் காப்பதில் பெரும்பகுதி வேலை முகப்பில் இல்லை, தரைக்குக் கீழே இருக்கிறது: குடிநீர்க் குழாய், சாக்கடை, மழைநீர் போகும் வாய்க்கால். இவை சரியாக இல்லாத தெருவில் சுவரில் ஓதம் ஏறும், வசதியுள்ளவர் வீட்டைப் பூட்டிவிட்டுப் போவார், மிஞ்சியது கிட்டங்கியாகும். தண்ணீருக்கான கோரிக்கையும் தெருவுக்கான கோரிக்கையும் ஒரே பட்ஜெட்டில் சேர வேண்டியவை.

வில்லாபுரம், அவனியாபுரம் போன்ற ஊர்கள் கண்மாயும் வயலுமாக இருந்து நகருக்குள் வந்தவை. அவனியாபுரத்தில் தைப்பொங்கலன்று ஜல்லிக்கட்டுக்காக வாடிவாசல் எழுகிறது. மாசி வீதிக்குத் தேர் செய்வதை அந்தத் திடலுக்குக் காளைகள் செய்கின்றன. ஒரு கிலோமீட்டர் வட்டம் இவற்றைத் தொடுவதில்லை. தமிழ்நாடு மரபு ஆணையச் சட்டம் 2012-இல் நிறைவேறி, ஆணையம் அமைய 2024 ஆனது. மதுரையில் அது முதலில் செய்ய வேண்டியது, கோயிலிலிருந்து கயிறு பிடித்து வட்டம் போடுவதை விட்டுவிட்டு, மாசி வீதிச் சந்துகளில் தொடங்கி வில்லாபுரத்தின் பழைய ஊர்த்தெரு வரை வீடு வீடாக நடந்து கணக்கெடுப்பது: எந்த வீட்டில் யார் இருக்கிறார்கள், என்ன தொழில் நடக்கிறது, குழாயில் தண்ணீர் வருகிறதா, மச்சு ஒழுகுகிறதா.