ரெண்டாவது கியர் நிற்காத ஜீப்புகள்

தென்காசிக்கு மேற்கே மலையடிவாரத்தில் தோப்பு வைத்திருந்தவர்களின் வீட்டு முற்றத்தில் ஒரு காலத்தில் ஜீப் நின்றது. மேக்கரை, பண்பொழி, வடகரை, அந்தப் பக்கம் புளியங்குடி வரைக்கும் தேங்காயும் எலுமிச்சையும் இறக்க அதுதான் வண்டி. அந்த ஜீப்புகளின் கியர்பாக்ஸைத் திறந்து மூடியே எனக்குத் தலை நரைத்தது. வண்டி மாறும், டிரைவர் மாறுவார், புகார் மட்டும் மாறாது: "அண்ணாச்சி, இறக்கத்துல ரெண்டாவது கியரு நிக்க மாட்டேங்கு."

ஜீப் வருவதற்கு வெகு முன்பு, குற்றாலத்தில் கிழக்கிந்தியக் கம்பெனி 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே ஜாதிக்காய், கிராம்பு, பட்டை எல்லாம் வளர்த்துப் பார்த்தது. மலைச்சரக்கு தலைச்சுமையாகவும் பொதிமாட்டிலும் இறங்கிய காலம் அது. 1904-ல் கொல்லம்–செங்கோட்டை ரயில் ஆரியங்காவுக் கணவாய் வழியே மலையைத் தாண்டியது. ரயிலும் தார் ரோடும் கணவாயோடு போய்விட்டன. தோப்புக்கு ஏறும் கல்லும் மண்ணுமான பாதைக்குத் தோதான மோட்டார் வண்டி என்று வந்தது ஜீப்தான்.

1941-ல் அமெரிக்க ராணுவத்துக்காக வில்லிஸ் கம்பெனி செய்த வண்டி அது. 60 குதிரைத்திறன் பெட்ரோல் எஞ்சின். போர் முடிந்ததும் ராணுவம் கழித்துவிட்ட ஜீப்புகள் இந்தியாவில் ஏலத்துக்கு வந்தன. 1940களின் கடைசியில் மகிந்திரா வில்லிஸ் ஜீப்பைப் பம்பாயில் கோர்த்து விற்கத் தொடங்கியது. பிறகு வந்த, பானட் உயர்ந்த சிஜே 3பி-யில் இருந்தது டி-90 கியர்பாக்ஸ். முன்னுக்கு மூன்றே கியர். முதல் கியருக்கு, பல்லின் வேகத்தை ஒத்துவைக்கும் சின்க்ரோ கிடையாது. ஓடும் வண்டியை முதல் கியருக்குக் கொண்டுவர டபுள் கிளட்ச் அடிக்கத் தெரிந்திருக்க வேண்டும். பின்னால் ஒட்டியிருக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸுக்கு இரண்டு சின்ன ராடு: ஒன்று முன்சக்கரத்தைச் சேர்க்க, மற்றது லோ கியருக்கு.

பெட்ரோல் எஞ்சினோடு இருந்தவரை அந்த கியர்பாக்ஸ் பெரிதாகத் தொல்லை தந்ததில்லை. 1973-ல் அரபு நாடுகள் எண்ணெயை நிறுத்தியபின் பெட்ரோல் விலை எகிறியது. தோப்பு வருமானத்தில் பெட்ரோல் போட்டுக் கட்டுபடியாகவில்லை. மகிந்திராவே தன் டிராக்டர் எஞ்சினை ஜீப்புக்கு வைத்தது. 1980களில் பியூஜோ டீசல் பரவியது. புது வண்டிக்கு வசதியில்லாதவர்கள் வேறு வழி பார்த்தார்கள். அரசு அலுவலகங்கள் கண்டம் செய்த பெட்ரோல் ஜீப்பை ஏலத்தில் எடுப்பார்கள். சென்னை புதுப்பேட்டையில் பழைய டீசல் எஞ்சினைப் பிடிப்பார்கள். இரண்டையும் சேர்த்து வைப்பது எங்களைப் போன்றவர்கள் வேலை. கியர் கோளாறு விடாமல் வர ஆரம்பித்ததும் அப்போதுதான்.

டி-90-யின் மேல்மூடியைக் கழற்றினால் உள்ளே இரண்டு கம்பி. ஒன்று முதல் கியருக்கும் ரிவர்ஸுக்கும், இன்னொன்று ரெண்டுக்கும் மூன்றுக்கும். ஒவ்வொரு கம்பியிலும் பள்ளங்கள். பள்ளத்தில் விழ ஒரு இரும்புக் குண்டு. அதை அழுத்திப் பிடிக்க ஒரு ஸ்பிரிங். கியரை அந்த இடத்தில் நிறுத்துவது இந்தச் சின்னக் குண்டுதான். ஏற்றத்தில் எஞ்சின் சக்கரத்தை இழுக்கிறது. இறக்கத்தில் ஆக்சிலேட்டரை விட்டதும் சக்கரம் எஞ்சினைத் தள்ளுகிறது. பல்லின் மறுபக்கத்தில் பாரம் விழுகிறது. ஸ்பிரிங் தளர்ந்து பள்ளமும் தேய்ந்திருந்தால் அந்த நொடியில் கியர் நியூட்ரலுக்கு வந்துவிடும். பாரம் ஏற்றிய வண்டி, கீழே கொண்டை ஊசி வளைவு, பிடிக்க டிரம் பிரேக் மட்டும். டிரைவர்கள் பயந்து கியர் ராடை சைக்கிள் டியூப்பால் டாஷ்போர்டோடு இழுத்துக் கட்டிவைப்பார்கள். கியர் நிற்கும். ஆனால் அந்த இழுவை முழுதும் கியரைத் தள்ளும் ஃபோர்க்கில் விழுந்து, அதுவும் தேய்ந்துவிடும்.

குண்டு, ஸ்பிரிங், ஃபோர்க், பேரிங் எல்லாம் புதிதாகப் போட்டு அனுப்பிய வண்டியும் அடுத்த சாரல் பருவத்துக்குள் திரும்பி வரும். வினை இருந்தது கியர்பாக்ஸுக்கு வெளியே. அந்த டீசல் எஞ்சினுக்கும் இந்த கியர்பாக்ஸுக்கும் போல்ட் துளை சேராது. நடுவில் லேத் பட்டறையில் கடைந்த ஒரு பிளேட் வைத்துத்தான் இணைத்திருப்பார்கள். அந்தப் பிளேட்டின் மையம் துளி விலகினாலும் மெயின் ஷாஃப்ட் கோணலாகச் சுற்றும். ஒவ்வொரு சுற்றிலும் கியரைக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே தள்ளும். டீசலின் அதிர்வு மீதியைப் பார்த்துக்கொள்ளும். கிராங்கில் டயல் கேஜைப் பிடித்து கிளட்ச் ஹவுசிங் துளையைச் சுற்றிப் பார்த்தால் முள் ஆடும் ஆட்டத்திலேயே தெரிந்துவிடும். மையத்தைச் சரிபார்த்து, பிளேட் நகராதபடி டவல் பின் அடித்தபிறகு அந்த வண்டி கியருக்காக வராது.

ஆனி, ஆடியில் வேறொரு வம்பு. ஓடையில் இறங்கி ஏறிய ஜீப்பின் டிரெயின் போல்ட்டைக் கழற்றினால் தொண்ணூறாம் நம்பர் ஆயில் பால் விட்ட காப்பியாக வடியும். கியர்பாக்ஸுக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸுக்கும் நடுவே ஆயில் போய்வரும். ஒன்றில் தண்ணீர் புகுந்தால் இரண்டும் கெடும். இரண்டையும் சேர்த்தே வடிக்க வேண்டும்.

2000-ல் பொலேரோவும், 2010-ல் தார் ஜீப்பும் வந்தன. எஞ்சினும் கியர்பாக்ஸும் ஒன்றுக்கொன்று பொருத்தமாகவே கம்பெனியிலிருந்து வருவதால் பிளேட் வேலை அற்றுப்போனது. 15 ஆண்டு தாண்டிய அரசு வண்டிகளின் பதிவை 2023 ஏப்ரல் 1 முதல் ரத்து செய்யும் விதி வந்தது. அவை நேராக உடைக்கத்தான் போக வேண்டும். ஏலத்தில் எடுத்துத் தேற்றுகிற கதைக்கு அதோடு முடிவு.

இருக்கிற பழைய ஜீப்புகளை இப்போது ஆசைக்கு வாங்கும் இளைஞர்கள் பெயிண்டையும் டயரையும் பார்க்கிறார்கள். வாங்குமுன் கீழே குனிந்து அந்தப் பிளேட்டைப் பாருங்கள் தம்பி. இறக்கத்தில் ஓட்டிப் பார்க்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள்.