வாசிக்கத் தெரியாதவர் வண்டி ஓட்டக் கூடாதா?

எல்.எல்.ஆர். டெஸ்ட்டை உங்களில் பலர் இப்போதுதான் முடித்திருப்பீர்கள். திரையில் ஒரு சாலைக் குறியீடு, கீழே சில விடைகள், நொடிக் கணக்கில் நேரம். 60 சதவீதம் சரியாக இருந்தால் பாஸ். கல்லூரியில் படிக்கும் உங்களுக்கு அது விளையாட்டு. இருபது வருடமாக லாரியில் கிளீனராகப் போய்வரும் உங்கள் சித்தப்பாவுக்கு? அவருக்கு ரோடு தெரியும். திரையில் இருக்கும் வரிகள்தான் தெரியாது.

1989ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளில் 11ஆம் விதியைப் படித்துப் பாருங்கள். பழகுநர் தேர்வில் சோதிக்க வேண்டியவை நான்கு: சாலைக் குறியீடுகளும் விதிகளும், விபத்து நடந்தால் ஓட்டுநரின் கடமை, ஆளில்லாத ரயில்வே கேட்டைக் கடக்கும்போது எச்சரிக்கை, கையில் வைத்திருக்க வேண்டிய ஆவணங்கள். இவற்றில் "அறிவும் புரிதலும்" வேண்டும் என்கிறது விதி. எழுத்து வாசிக்கும் திறமை அந்த நான்கில் இல்லை.

அந்தக் கதவு 8ஆம் விதியில் இருந்தது. லாரி, பஸ், வாடகை வண்டி ஓட்ட பேட்ஜ் வேண்டுமென்றால் எட்டாவது பாஸ். நிலமோ முதலோ இல்லாத குடும்பத்துப் பையன் கூலி வேலையிலிருந்து வெளியேற இருந்த சில வழிகளில் ஸ்டியரிங்கும் ஒன்று. பள்ளிக்கூடத்தை ஐந்தாவதோடு விட்டவனுக்கு அதுவும் அடைபட்டது.

2019 மே மாதம் ராஜஸ்தான் உயர் நீதிமன்றத்துக்கு ஒரு வழக்கு வந்தது. இலகுரக வாகன உரிமம் வைத்திருந்த, படிக்கத் தெரியாத ஒருவர் கனரக உரிமம் கேட்டிருந்தார். நீதிமன்றம் மறுத்தது. அதோடு விடவில்லை. எச்சரிக்கைப் பலகைகளைப் படிக்க முடியாதவர்கள் நடந்து செல்வோருக்கு ஆபத்து என்று சொல்லி, எழுத்தறிவற்றவர்களுக்குக் கொடுத்த உரிமங்களையே திரும்பப் பெறச் சொன்னது.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். சாலைக் குறியீடு என்பதே மொழி தெரியாதவரும் புரிந்துகொள்ள உருவானது. 1968 வியன்னா உடன்படிக்கை நாடு விட்டு நாடு ஓட்டுபவர்களுக்காக அவற்றை ஒழுங்குபடுத்தியது. சிவப்பு விளிம்பு முக்கோணம் என்றால் எச்சரிக்கை. எட்டு மூலைப் பலகை என்றால் நில். எழுத்து அழிந்துபோனாலும் வடிவம் பேசும். அந்த வடிவத்தைத் தெரிந்துவைத்திருக்கிறாரா என்று சோதிக்க, கீழே நான்கு வரி எழுதி வாசிக்கச் சொல்வது என்ன நியாயம்?

அந்தத் தீர்ப்பு வந்த அடுத்த மாதமே மத்திய அரசு எட்டாம் வகுப்புத் தகுதியை நீக்குவதாக அறிவித்தது. அந்த ஆண்டே நீக்கவும் செய்தது. காரணம்? ஹரியானாவின் மேவாத் பகுதியில் ஓட்டத் தெரிந்தும் சான்றிதழ் இல்லாத ஏழைகளுக்காக மாநில அரசு விலக்குக் கேட்டிருந்தது. கூடவே, நாட்டில் சுமார் 22 லட்சம் ஓட்டுநர்கள் பற்றாக்குறை என்றும் அமைச்சகம் சொன்னது. எனக்கென்னவோ இரண்டாவது காரணம்தான் வேலை செய்தது என்று தோன்றுகிறது. ஆள் கிடைத்திருந்தால் மேவாத்தின் குரல் டெல்லியில் கேட்டிருக்குமா?

இதே வாதத்தை அண்ணல் அம்பேத்கர் 1929லேயே எதிர்கொண்டார். அப்போது பேச்சு வாக்குரிமை பற்றியது. சைமன் கமிஷன் காலத்தில் பம்பாய் மாகாண அரசமைப்பு குறித்து அவர் கொடுத்த தனி அறிக்கையில், எழுத்தறிவைத் தகுதியாக்குவோர் செய்யும் இரண்டு தவறுகளைச் சொல்கிறார். எழுத்தறியாதவர் அறிவற்றவர் என்று நினைப்பது ஒன்று. எழுத்தறிந்தாலே அறிவு கூடிவிடும் என்று நினைப்பது இன்னொன்று. வாக்குச்சீட்டு இருந்த இடத்தில் ஸ்டியரிங்கை வைத்துப் பாருங்கள், ஒரு வார்த்தையும் மாற்ற வேண்டியதில்லை.

2021இல் விதிகள் மறுபடி திருத்தப்பட்டு, ஆதார் சரிபார்ப்போடு எல்.எல்.ஆர். வேலையை வீட்டிலிருந்தே முடிக்கும் வழி வந்தது. ஆர்.டி.ஓ. ஆபீஸ் வாசலில் நிற்க வேண்டாம், நல்லதுதான். ஆனால் ஆபீசில் ஒரு மனிதரிடம் "படிச்சுச் சொல்லுங்க சார்" என்றாவது கேட்க முடிந்தது. போன், ஓ.டி.பி., கேமரா என்று வந்தபின் சித்தப்பா யாரிடம் கேட்பார்? நூறு, இருநூறு வாங்கிக்கொண்டு தானே விடைகளைத் தட்டிவிடும் புரோக்கரிடம்தான் போவார். தெரிந்த விஷயத்தில் தேர்வே எழுதாமல் பாஸாகிவிடுவார்.

11ஆம் விதி அதிகாரியைக் கேள்வி கேட்கத்தான் சொல்கிறது. கேள்வியையும் விடைகளையும் தமிழில் குரலாக வாசித்துக் காட்டினால் அந்த விதி எங்கேயும் மீறப்படாது. உங்கள் ஊர் ஆர்.டி.ஓ.வுக்கு மனு எழுதும்போது விதி எண்ணையும் சேர்த்து எழுதுங்கள்.