பூசணம் பெற்ற பிள்ளை

நல்லம்பள்ளிப் பக்கம் தானியத்தில் பூசணம் பிடித்தால் அதைக் கொட்டிவிட்டுத்தான் மறுவேலை. கோடிக்கணக்கானோர் இன்று விழுங்கும் கொழுப்பு மாத்திரையோ, அப்படிக் கொட்டவேண்டிய ஓர் அரிசியில் பிறந்தது.

ஜப்பானின் வடக்கே அகிதாவில், 1933-ல் விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர் அகிரா எண்டோ. பெனிசிலினைக் கண்ட பிளெமிங்கின் வாழ்க்கையைச் சிறுவயதிலேயே படித்து லயித்தவர். 1960-களில் நியூயார்க்கில் ஆய்வுசெய்தபோது, மாரடைப்பு அங்கே எத்தனை பேரைக் கொண்டுபோகிறது என்று கண்டார். அதற்கு வழிவகுப்பது ரத்தத்தில் கூடும் கொலஸ்ட்ரால்; அதில் பெரும்பங்கு நாம் தின்று வருவதல்ல; உடம்பே, முக்கியமாக ஈரல், சமைப்பது. அந்த அடுப்பைத் தணிக்க ஒரு பொருள் வேண்டும். எதிரிக் கிருமிகளை ஒடுக்கப் பூசணங்கள் அப்படியொன்றைச் சுரக்கக்கூடும் என்பது அவர் கணிப்பு.

1971-ல் டோக்கியோவின் சாங்க்யோ மருந்து நிறுவனத்தில் தேடத் தொடங்கினார். 6,000 நுண்ணுயிர்களுக்குமேல் சலித்தபின், கியோட்டோ தானியக் கடை அரிசியிலிருந்த நீலப்பச்சைப் பூசணம் கைகொடுத்தது. 1973-ல் கிடைத்த அந்தப் பொருளின் பெயர் காம்பாக்டின். எலிக்குக் கொடுத்தார்கள், கொழுப்பு அசையவில்லை. முட்டையில் அவ்வளவு கொழுப்பென்றால் கோழி ரத்தத்திலும் இருக்குமே என்று, சக ஊழியர் வளர்த்த கோழிகளுக்குக் கொடுத்தார் எண்டோ. கிட்டத்தட்டப் பாதியாக இறங்கியது!

நாய்களிடம் நடந்த சோதனையில் எழுந்த அச்சத்தால் 1980-ல் சாங்க்யோ பின்வாங்கியது. வேறொரு பூசணத்தில் அதே ஸ்டேட்டின் வகை மருந்தான லோவாஸ்டேட்டினைக் கண்ட அமெரிக்காவின் மெர்க் நிறுவனம், 1987-ல் அதற்கு அனுமதி வாங்கியது. 1994-ல் வெளியான ஸ்காண்டிநேவிய ஆய்வில், 4,444 இதய நோயாளிகளிடையே அதே வகையைச் சேர்ந்த சிம்வாஸ்டேட்டின் சாவை 30 சதவீதம் குறைத்தது.

இந்த மாத்திரை இதய நோயாளிகளுக்கு மட்டுமல்ல, பெருந்தமனி புடைத்து ஆபரேஷன் செய்துகொண்டவர்களுக்கும் வேண்டும். தொப்பூர் கணவாயில் இறங்கும் லாரிக்காரருக்கு டயர் புடைப்பின் ஆபத்தைச் சொல்லவேண்டியதில்லை. வயிற்றிலுள்ள பெருந்தமனியும் அப்படிப் புடைக்கும். வெடித்தால் பிழைப்பது அரிது. 1951-ல் பாரிஸில் சார்ல் துபோ புடைத்த பகுதியை வெட்டியெடுத்து, இறந்தவரின் தமனித் துண்டை வைத்துத் தைத்து வழிகாட்டினார்.

“அதான் ஆபரேஷன் பண்ணியாச்சே, இன்னும் எதுக்குக் கொழுப்பு மாத்திரை?” என்பார் வீடு திரும்பியவர். மாற்றியது ஒரு துண்டுக் குழாயைத்தான். இதயத்துக்கும் மூளைக்கும் போகும் குழாய்களில் படிந்தது அப்படியே இருக்கிறது. பின்னாளில் பலரைக் கொண்டுபோவது மாரடைப்பும் பக்கவாதமும்தான். ஆபரேஷனுக்குப் பின் ஸ்டேட்டின் சாப்பிட்டவர்கள் கூடுதல் காலம் வாழ்ந்ததைப் பல கண்காணிப்பு ஆய்வுகள் காட்டுகின்றன. மருந்தில் ஒழுங்காக இருப்பவர் மற்றதிலும் ஒழுங்காக இருப்பார் என்பதையும் அந்தக் கணக்கில் கழித்துப் பார்க்கவேண்டும். ஆனாலும், டாக்டரைக் கேட்காமல் நிறுத்துகிற மாத்திரை அல்ல இது.

தமிழ்நாட்டில் 2023-ல் ‘இதயம் காப்போம்’ திட்டம் வந்தது. மாரடைப்பு அறிகுறியோடு ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு ஓடிவருபவருக்கு உடனே கொடுப்பது 14 மாத்திரைகள். அதில் 8 அட்டோர்வாஸ்டேட்டின். ஆலையில் வேதிமுறையில் செய்ததுதான்; குலம் மட்டும் அந்த அரிசிப் பூசணத்தின் குலம்.